திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன கிழமை உப்புவெளியில் புதிதாகப் படகு ஓட்டத் தொடங்கிய ஒரு தம்பி, தூரத்தில் திமிங்கிலத்தின் ஊற்று எழும்பியதும் இஞ்சினை முறுக்கிக்கொண்டு நேரே அதை நோக்கிப் பாய்ந்தான். படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பக்கத்துப் படகில் நின்ற நான் தலையில் கைவைத்தேன். பத்து வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் ஓடினேன்.

தொப்பி, தண்ணீர், வாந்திக் குளிசை பற்றியெல்லாம் விடுதிக்காரரே சொல்லிவிடுவார். மற்றவற்றைப் பார்ப்போம்.

பிழையான மாதம்

மிரிஸ்ஸவில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு டிசெம்பரில் இங்கே வந்து இறங்குகிறவர்கள் வருடாவருடம் உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரையின் காலம். டிசெம்பரில் எங்களுக்கு வாடைக்காற்றும் மழையும்தான். இங்கே மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் கோடையில் இரை தேடித் துருவப் பக்கம் போகும். நம்முடையவை வருடம் முழுக்க வெப்பக்கடலிலேயே சுற்றுகின்றன. ஆகவே திமிங்கிலம் இருக்கிறதா என்பதோடு, கடல் நம்மை வெளியே விடுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

அணியத்தில் உட்கார அடிபடுவது

படம் நன்றாக வரும் என்று ஓடிப்போய் முன்னால் உட்காருவார்கள். ஃபைபர் படகு அலையில் அடிக்கும் அடி முழுவதும் அங்கேதான் விழும். இடுப்பு வலிக்காரர்கள் பின்னால் வாருங்கள்.

ஊற்றைத் துரத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

நீலத் திமிங்கிலம் மேலே வருவது மூச்சு விட. ஒன்பது மீற்றர் உயரத்துக்கு ஊற்று எழும்பும், வெயிலில் வெகுதூரம் தெரியும். சில வினாடி இடைவெளியில் அப்படிப் பல தடவை மூச்சு விட்டபிறகு முதுகை வளைத்துக் கீழே போய்விடும். திரும்பி வரப் பத்து நிமிடம், சிலவேளை அதற்கும் மேல் ஆகும். முதல் ஊற்றைக் கண்டதும் நீங்கள் இஞ்சினை முறுக்கினால், போய்ச் சேரும்போது அது கடைசி மூச்சையும் விட்டு முடித்திருக்கும். வெறும் தண்ணீரைச் சுற்றி நின்றுகொண்டு, "இங்கேதானே இருந்தது!" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள்.

நான் படகு எடுத்த முதல் வருடம். கொழும்பிலிருந்து எட்டுப் பேர், அவர்களில் ஒரு பாட்டியும் இருந்தார். ஐந்து ஊற்றுகளைத் துரத்தினேன். ஐந்து தடவையும் போய் நின்றபோது வெறும் கடல். பெற்றோல் பாதி முடிந்த நேரத்தில் கச்சான் காற்று எழும்பிவிட்டது. கரை மேற்கே, காற்றும் மேற்கிலிருந்து. நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டி மட்டும், "பரவாயில்லை மகன், வாலாவது தெரிந்ததே" என்றார். அவர் பார்த்தது எங்கள் படகு கிளப்பிய நுரை. எனக்கு அது தெரியும், அவரிடம் சொல்லவில்லை.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது மூச்சு விடத்தான்ரா வருது. நீ போய் மூச்சு முட்ட வைக்கிறாய்."

அப்புறம் அவரே சொல்லித் தந்தார். முதல் ஊற்றைக் கண்டதும் வேகத்தைக் குறை. ஊற்றுகளை எண்ணு. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார். கீழே போன இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஒரு வழவழப்பான வட்டம் கிடக்கும். அது வால் அடித்த தடம். அந்த வட்டத்துக்கு மேலே போய் நிற்காதே. மணியைப் பார்த்துக்கொள். அது போன திசையில், பக்கவாட்டில் தள்ளி, மெதுவாகப் போய் இஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திரு. பின்னால் விரட்டாதே, முன்னால் குறுக்கே வெட்டாதே. சட்டப்படியும் 100 மீற்றர் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆனால் சும்மா நிற்கும் படகுக்குப் பக்கத்தில் திமிங்கிலம் தானாக எழும்பிய நாட்கள் எனக்கு உண்டு. துரத்திய நாட்களில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்று கவனம். ஊற்று நேரே எழும்பாமல் முன்பக்கம் இடது சரிவாக அடித்தால் அது ஸ்பேர்ம் திமிங்கிலம். முக்கால் மணி நேரம்கூடக் கீழே கிடக்கும். பத்து நிமிடக் கணக்கு அதற்குச் சரிவராது.

பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. "கிட்டப் போங்கோ, கிட்டப் போங்கோ" என்று நீங்கள் கத்தினால், இரண்டு நாள் அனுபவமுள்ள பையன் என்ன செய்வான்? போவான்.

"அங்கே! அங்கே!"

எங்கே? அணியத்தைப் பன்னிரண்டு மணியாக வைத்து, "மூன்று மணிப் பக்கம்" என்று சொல்லுங்கள்.

வெகுதூரம் போனால்தான் கிடைக்கும் என்று நினைப்பது

கொட்டியாரக் குடாவின் அடியிலிருந்தே ஆழமான கடற்பள்ளம் ஒன்று வெளிக்கடலுக்கு இறங்குகிறது. அதனால் கரைக்குப் பக்கத்திலேயே ஆழக்கடல் தொடங்கிவிடும். கோணேசர் கோயில் மலை உச்சியில் நின்றே ஊற்றுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காற்றில்லாத காலையில் ஒரு பைனாக்குலரோடு அங்கே அரை மணி நேரம் நின்று பாருங்கள், செலவு இல்லை.

மதியம் கிளம்புவது

வேண்டாம். விடியற்காலை ஆறு மணிக்குப் படகில் இருங்கள்.

டிரோன்

பக்கத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள்.

தண்ணீரில் குதிப்பது

என் படகில் குதித்தால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது.