ஆங்கிலச் சொல்வகைகளைத் திருப்பிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பக்கங்களை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, நவுன், புரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் சொற்களை அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். 'ஃபாஸ்ட்' என்ற சொல் அட்ஜெக்டிவ் கட்டத்தில் இருந்தது. 'தி டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்று எழுதி, இதில் அந்தச் சொல் எந்த வகை என்று கேட்டேன். அவர் வாக்கியத்தைப் பார்க்கவில்லை. கட்டத்தைப் பார்த்துவிட்டு 'அட்ஜெக்டிவ்' என்றார். உழைப்பில் ஒரு குறையும் இல்லை, கட்டம் போட்டதில்தான் குறை.

மாணவர்கள் செய்யும் தவறுகளில் முதன்மையானதும் மற்றவற்றுக்கு வேராக இருப்பதும் இதுவே: வகை என்பது சொல்லோடு பிறந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வாக்கியத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறதோ அதுதான் அங்கே அதன் வகை. 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்னும்போது ரயில் எப்படிப்பட்டது என்று சொல்வதால் 'ஃபாஸ்ட்' பெயரடை, அதாவது அட்ஜெக்டிவ். 'ரன்ஸ் ஃபாஸ்ட்' என்னும்போது ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்வதால் அது வினையடை, அதாவது அட்வெர்ப். 'தே ஃபாஸ்ட் ஆன் ஃப்ரைடேஸ்' என்றால் வெள்ளிதோறும் விரதம் இருக்கிறார்கள் என்று பொருள், அங்கே அது வினை. 'ஷி பிரோக் ஹர் ஃபாஸ்ட்' என்றால் விரதத்தை முடித்தாள் என்று பொருள், அங்கே அது பெயர். காலை உணவைக் குறிக்கும் 'பிரேக்ஃபாஸ்ட்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பதும் இந்த நான்காவது 'ஃபாஸ்ட்'தான்.

தமிழ் மாணவருக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. 'மாடிப் படி', 'பாடத்தைப் படி', 'அவர் சொன்னபடி' என்ற மூன்றிலும் 'படி' ஒரே வகை என்று யாரும் சொல்லமாட்டோம். முதலாவது பெயர், இரண்டாவது வினை, மூன்றாவது இடைச்சொல்லாக நிற்கிறது. தமிழில் எண்ணிப் பார்க்காமலே செய்யும் இந்தக் கணக்கை ஆங்கிலத்துக்கு வந்ததும் மறந்துவிட்டுப் பட்டியலைத் தேடுகிறோம்.

எட்டு என்ற எண்ணிக்கையையும் கல்வெட்டுப் போல எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் தமிழ்ச் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பகுத்தன. ஆங்கிலத்தின் எட்டு, பழைய கிரேக்க, லத்தீன் இலக்கணங்களின் வழியாக வந்தது. கிரேக்கத்தில் ஆர்ட்டிகிள், அதாவது ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல், தனி வகையாக இருந்தது. லத்தீனில் ஆர்ட்டிகிளே இல்லாததால் அதை நீக்கி, வியப்புச் சொல்லை, அதாவது இன்டர்ஜெக்ஷனைத் தனி வகையாக்கினார்கள். 1795-இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்றது. ஆகவே 'எ', 'ஆன்', 'தி' ஆகியவற்றை எந்தக் கட்டத்தில் போடுவது என்று திகைக்கும் மாணவரிடம் தவறேதும் இல்லை. பல பள்ளி நூல்கள் அவற்றைப் பெயரடையோடு சேர்க்கின்றன, இக்கால இலக்கணங்கள் டிட்டர்மினர், அதாவது பெயருக்கு முன் நின்று அதை வரையறுக்கும் சொல், என்று தனியாக வைக்கின்றன. தம் பாடநூல் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறதோ அதன்படி தேர்வில் எழுதினால் போதும்.

அடுத்ததாக நான் மிகுதியாகத் திருத்துவது பெயரடையையும் வினையடையையும் மாற்றிப் போடும் தவறு. இதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. 'அழகான' என்றால் பெயரடை, 'அழகாக' என்றால் வினையடை என்று நாம் படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் வினையடைக்கு 'லி' விகுதி வரும் என்றும் படித்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்து, '-ஆக' வரும் இடத்திலெல்லாம் 'லி' போட்டுவிடுகிறோம். 'அவள் அழகாக ஆடினாள்' என்பதற்கு 'ஷி டான்ஸ்டு பியூட்டிஃபுல்லி' என்பது சரியே. ஆனால் 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதற்கு 'ஷி இஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதினால் பிழை. 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்பதே சரி. தமிழில் 'இரு' என்ற வினைக்கு முன் '-ஆக' கட்டாயம் வருகிறது. ஆங்கிலத்திலோ 'இஸ்' என்பது எழுவாயையும் அதன் தன்மையையும் ஒட்டவைக்கும் பசை மட்டுமே, பின்னால் வரும் தன்மைச் சொல் எழுவாயைத்தான் விளக்குகிறது.

இதே நிலைதான் 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்' போன்ற வினைகளுக்கும். 'பூ இனிமையாக மணக்கிறது' என்பதை 'தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்' என்றுதான் எழுத வேண்டும். ஐயம் வந்தால் ஒரு சோதனை உண்டு: வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்க்கலாம். 'தி ஃப்ளவர் இஸ் ஸ்வீட்' என்று பொருள் தருவதால் அங்கே பெயரடை வரும். 'ஹி ஸ்பீக்ஸ் ஸ்வீட்லி' என்பதில் அப்படி மாற்றினால் வாக்கியம் உடைந்துவிடுவதால் அங்கே வினையடையே வேண்டும். 'ஹி லுக்ஸ் ஆங்கிரி' என்றால் அவர் கோபமாகத் தோன்றுகிறார். 'ஹி லுக்டு அட் மீ ஆங்கிரிலி' என்றால் அவர் என்னைக் கோபத்தோடு பார்த்தார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த மாணவருக்கு இந்த வேறுபாடு மறப்பதில்லை.

'லி' விகுதியை நம்புவதில் இன்னொரு பள்ளமும் உண்டு. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'காஸ்ட்லி' ஆகியவை 'லி'யில் முடிந்தாலும் பெயரடைகள். மறுபுறம், 'ஹார்ட்' என்பதற்கு வினையடையும் 'ஹார்ட்'தான். 'ஷி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறாள். 'ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. பாராட்டாக எழுத நினைத்தது குற்றச்சாட்டாக முடிந்துவிடும். 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மைக் காலமாக.

வினையில் நிகழும் தவறுகள் வேறு விதமானவை. தொடக்க வகுப்புகளில் 'நான்' என்றால் 'ஐ ஆம்' என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடுவதால், 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்', 'ஐ ஆம் அக்ரீ' என்று இரண்டு வினைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. 'ஆம்' என்பது 'நான்' என்பதன் பகுதி அன்று. அது தனி வினை. 'அக்ரீ' என்பதும் வினையே என்பதால் 'ஐ அக்ரீ' போதும். இதற்கு நேர்மாறாக, 'இவர் ஆசிரியர்' என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் நிறைவு பெறுவதால், 'ஹி எ டீச்சர்' என்று எழுதுபவர்களும் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் வினை கட்டாயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

'ஐ டிட் நாட் வென்ட்' என்ற பிழையைத் திருத்தத் தமிழே கைகொடுக்கும். 'நான் போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. துணைவினை சேர்ந்ததும் 'போ' என்ற முதன்மை வினை காலத்தைக் காட்டாமல் 'போக' என்று நின்றுவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது சுமந்துகொள்வதால், பின்னால் 'கோ' என்று வெறும் வினைதான் நிற்க வேண்டும். அதேபோல் தெரியும், பிடிக்கும், வேண்டும் என்ற நம் சொற்களை இந்தப் பொருளில் 'கொண்டிருக்கிறேன்' என்று நீட்டுவதில்லை அல்லவா, அவற்றுக்கு இணையான 'நோ', 'லைக்', 'வான்ட்' ஆகியவற்றையும் பொதுவாக 'இங்' போட்டு நீட்டுவதில்லை. 'ஹேவ்' மட்டும் நம்மை ஏமாற்றும். 'இரண்டு பேனா வைத்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்வதால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பென்ஸ்' என்று எழுதத் தோன்றுகிறது. உடைமையைச் சொல்லும்போது 'ஐ ஹேவ் டூ பென்ஸ்' என்பதே சரி. உணவு உண்ணும் பொருளில் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்பதில் பிழையில்லை.

'இங்' என்று முடிந்தால் வினை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதும் தவறே. தமிழ் இலக்கண வகுப்பில் படித்த தொழிற்பெயரையும் பெயரெச்சத்தையும் இங்கே கொண்டுவந்தால் குழப்பம் தீரும். 'ஸ்விம்மிங் இஸ் குட் எக்ஸர்சைஸ்' என்பதில் 'ஸ்விம்மிங்' என்பது நீந்துதல், எனவே அது பெயரின் வேலையைச் செய்கிறது. 'எ ரன்னிங் ஹார்ஸ்' என்பதில் 'ரன்னிங்' என்பது ஓடுகிற, எனவே பெயரடையின் வேலையைச் செய்கிறது. 'ஷி இஸ் ஸ்விம்மிங்' என்பதில்தான் அது வினையின் பகுதி. 'ஸ்விம்மிங் பூல்' என்பது நீந்துகிற குளம் அன்று, நீந்துவதற்கான குளம் என்பதைக் கவனித்தால், அங்கே இருப்பதும் தொழிற்பெயரே என்பது விளங்கும்.

இப்படித் தமிழாக்கிப் பார்ப்பது வேறு இடங்களிலும் உதவும். 'திஸ்' என்ற சொல் புரோநவுனா அட்ஜெக்டிவா என்று குழம்பினால், அது தமிழில் 'இது' ஆகிறதா, 'இந்த' ஆகிறதா என்று கேட்கலாம். 'திஸ் இஸ் மைன்' என்பதில் 'இது', ஆகவே புரோநவுன். 'திஸ் புக்' என்பதில் 'இந்த', ஆகவே அட்ஜெக்டிவ். 'ஆஃப்டர்' என்ற சொல்லுக்கும் இதே வழி. 'ஆஃப்டர் தி ரெயின்' என்பது 'மழைக்குப் பிறகு'. முன்னால் நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர் நிற்பதால் அது பிரிபொசிஷன். 'ஆஃப்டர் இட் ரெயின்ட்' என்பது 'மழை பெய்த பிறகு'. முன்னால் பெயரெச்சம் நிற்பதால் அது கன்ஜங்ஷன். இந்த வேறுபாடு புரிந்தவர் 'டியூரிங் ஐ வாஸ் ஸ்லீப்பிங்' என்று எழுதமாட்டார். 'டியூரிங்' எப்போதும் பிரிபொசிஷன், பின்னால் முழு வாக்கியம் வர வேண்டுமென்றால் 'வைல்' போட வேண்டும்.

பிரிபொசிஷனில் நம்மவர் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி வேற்றுமை உருபைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் வருகிறது. 'வீட்டுக்குப் போனேன்' என்பதில் 'கு' இருப்பதால் 'ஐ வென்ட் டு ஹோம்' என்கிறோம். அங்கே 'ஹோம்' வினையடையாக நிற்பதால் 'ஐ வென்ட் ஹோம்' என்பதே சரி. 'பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்' என்பதை 'டிஸ்கஸ்டு அபவுட் தி பிராப்ளம்' என்கிறோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றிப் பேசு' என்ற பொருள் அடங்கியிருப்பதால் 'அபவுட்' வேண்டியதில்லை. ஆனால் அதே சொல் 'டிஸ்கஷன்' என்று பெயராகிவிட்டால் 'எ டிஸ்கஷன் அபவுட் தி பிராப்ளம்' என்று 'அபவுட்' வருகிறது. விடுப்புக் கடிதத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம்: 'எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பது சரி, 'ஐ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பது பிழை. முதலாவதில் 'ரெக்வெஸ்ட்' பெயர், இரண்டாவதில் வினை. சொல்வகை அறிவு தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடிதத்தைத்தான் நான் காட்டுவது வழக்கம்.

பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை, 'மூன்று புத்தகம்', 'பத்து மாடு' என்று அஃறிணையில் பன்மை விகுதி இல்லாமலே தமிழில் பேசுவதால் 'த்ரீ புக்' என்று எழுதிவிடுகிறோம்; 'ஷீப்' போன்ற சில சொற்கள் தவிர மற்றவற்றுக்கு ஆங்கிலத்தில் விகுதி வேண்டும். மறுபுறம், 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்', 'லக்கேஜ்', 'அட்வைஸ்' ஆகியவற்றுக்கு 'எஸ்' சேர்க்கக் கூடாது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்ற பிழைக்கு 'என் நண்பர்களில் ஒருவர்' என்ற தமிழ்த் தொடரே மருந்து.

'மைசெல்ஃப்' என்று தொடங்கித் தம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கம் நேர்காணல் வரை தொடர்கிறது. அந்தச் சொல் 'என்னையே', 'நானே' என்று திரும்பிச் சுட்டுவது. எழுவாயாகத் தனித்து நிற்காது. 'ஐ ஆம்' என்று தொடங்கினால் போதும். 'ஆன்' போடுவதா 'எ' போடுவதா என்பதை எழுத்து முடிவு செய்வதில்லை, ஒலிதான் முடிவு செய்கிறது. 'ஆன் அவர்' (ஒரு மணி நேரம்), 'ஆன் எம்எல்ஏ' என்பவையும், 'எ யுனிவர்சிட்டி', 'எ ஒன்-ரூபீ காயின்' என்பவையும் காதால் கேட்டு எழுத வேண்டியவை. கன்ஜங்ஷனில் 'ஆல்தோ' போட்டுத் தொடங்கிய வாக்கியத்துக்கு நடுவில் 'பட்' வேண்டாம். ஒரு வாக்கியத்தை இணைக்க ஒரு கயிறு போதும். இன்டர்ஜெக்ஷனில் தவறு செய்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அந்த மாணவியிடம் குறிப்பேட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. கட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது நிற்கும் வாக்கியம் ஒன்றை எழுதச் சொன்னேன். வாக்கியம் கிடைக்காத சொல்லை அடித்துவிடச் சொன்னேன். பிறகு ஆங்கில நாளிதழிலிருந்து ஐந்து வரிகளை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் தலையிலும் அதன் வேலையைப் பென்சிலால் எழுதி, ஐயமுள்ளவற்றை மட்டும் அகராதியில் பார்க்கச் சொன்னேன். அகராதியில் சொல்லை அடுத்து வகை குறிக்கப்பட்டிருக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று வகைகள் இருந்தால் முதலாவதோடு நிறுத்தாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களை இறுதிவரை படிக்க வேண்டும். மறுநாள் அவர் கொண்டுவந்த தாளில் 'ஃபாஸ்ட்' நான்கு கட்டங்களில் இருந்தது. நான்காவதன் அருகே, பாட்டி வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதைப் பற்றி ஒரு வாக்கியத்தை அவரே எழுதியிருந்தார்.