பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன்னால்

கார் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதுசு வாங்குவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. நானும் அப்படி வாங்கிப் போட்டேன், பத்தே நாளில் புதுசும் டவுன் ஆனது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜே ஏறவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

ஆனால் மீட்டர் வைக்கும் நேரமும் முக்கியம். ஓடி நின்ற கையோடு வோல்டேஜ் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பாருங்கள், அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. 12.6 காட்டுகிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், குறைவாகத் தெரிந்தால் ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் போட்டுவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடையோ வண்டியின் கம்ப்யூட்டரான இசியூவையோ தின்றுவிடும்.

டெர்மினலை மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடுவதும் தவறுதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பிடிப்பு என்றால் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அரை வோல்ட் காட்டினால், வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே உப்புப் பூத்திருக்கிறது. கழற்றிச் சுரண்டி இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் டவுன் ஆகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஆம்பியர் மீட்டரைப் போட்டுப் பார்க்க வேண்டும் (இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே வைத்துவிடாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும், மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவும் கூடாது). கதவை மூடியதுமே ஓர் ஆம்பியர் காட்டுகிறதே என்று பதறாதீர்கள், வண்டியில் உள்ள மாட்யூல்கள் (சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டிகள்) தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்கப்புறமும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால்தான் சந்தேகம். அப்போதும் ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடாமல், அதன் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அந்த ஃபியூஸ் வழியாகக் கரண்ட் ஓடுகிறது. பிடுங்கிப் போட்டால் தூங்கிய மாட்யூல் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.