டெக்சஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா?

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் என எங்கே வந்து இறங்கினாலும் முதல் வாரத்திலேயே கண்ணில் படுவது ஒற்றை நட்சத்திரக் கொடி. கார் விற்கும் கடை, பல் மருத்துவமனை, பக்கத்து வீட்டு வாசல் என எங்கும் அது பறக்கும். 1836 முதல் 1845 வரை டெக்சஸ் தனி நாடு; அந்த நாடு 1839இல் ஏற்ற கொடியே இன்றைய மாநிலக் கொடி. தேசியக் கொடிக்குச் சமமான உயரத்தில் பறக்கும் உரிமை டெக்சஸுக்கு மட்டும்தான் என்று யாரேனும் பெருமையடிப்பார்கள். எல்லா மாநிலங்களுக்கும் அந்த உரிமை உண்டு. வாதாடாமல் சிரித்துவிட்டு நகர்வது நல்லது.

பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்ததும் இந்தக் கொடி வீட்டுக்குள்ளும் வந்துவிடும். காலையில் தேசியக் கொடிக்கு ஓர் உறுதிமொழி, டெக்சஸ் கொடிக்கு இன்னொன்று, பிறகு ஒரு நிமிட மௌனம். மாநில உறுதிமொழியில் கடவுளைக் குறிக்கும் தொடர் 2007இல் சேர்ந்தது. சொல்ல வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பள்ளி விலக்கு அளித்தாக வேண்டும், அது சட்டம்.

மார்ச் பிற்பகுதியில் நெடுஞ்சாலை ஓரங்கள் நீலமாகும். 1901 முதல் மாநில மலராக இருக்கும் ப்ளூபானெட் அது. குழந்தைகளைப் பூக்களின் நடுவே உட்காரவைத்துப் படம் எடுப்பது இங்கே ஏறக்குறைய ஒரு சடங்கு. நீங்களும் எடுப்பீர்கள். உட்காரவைக்கும் முன் தரையைப் பாருங்கள்: நெருப்பெறும்புப் புற்று இருக்கும், பாம்பும் இருக்கலாம். முள்கம்பி வேலியைத் தாண்டினால் அது அடுத்தவர் நிலம். இந்த ஊரில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பூவைப் பறித்தால் போலீஸ் பிடிக்கும் என்பார்கள். அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் விதை விழுந்தால்தான் மறுவருடம் செடி முளைக்கும் என்பதால் மிதிக்காமல் இருப்பதே மரியாதை. செடி நச்சுத்தன்மை உள்ளது, குழந்தை வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்த கால நள்ளிரவில் ஜன்னலுக்கு வெளியே விதவிதமான குரல்களில் ஒரே பறவை பாடினால், அது மாநிலப் பறவையான மாக்கிங்பேர்ட். கூட்டின் அருகே போனால் தலையைக் குறிவைத்துப் பாயும். கூட்டைக் கலைப்பது மத்திய சட்டப்படி குற்றம். முன்வாசலருகே கூடு இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை பின்வாசலைப் பயன்படுத்துங்கள்.

அலுவலக விருந்தில் சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியது சில்லி. 1977 முதல் மாநில உணவு. பெயரைப் பார்த்து மிளகாய்க் குழம்பு என்று எண்ண வேண்டாம், அசல் டெக்சஸ் சில்லியில் மாட்டிறைச்சிதான் பிரதானம். பீன்ஸ் சேர்ப்பதா கூடாதா என்ற சண்டையில் மட்டும் தலையிடாதீர்கள்.