காட்டோரப் பாதைக்கும் கல்மேட்டுக்கும் ஏற்ற மின்மிதிவண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் வேட்டைக்குச் செல்வோரை மனத்தில் கொண்டே தயாரிக்கப்படும் மின்மிதிவண்டிகள் பல உண்டு. நான்கு அங்குல அகலமுள்ள டயர், 750 வாட் அல்லது அதற்கும் மேற்பட்ட மோட்டார், பாரம் கட்டும் கேரியர், மானைக் கட்டி இழுத்துவரும் சிறு இழுவண்டி என்று அவற்றின் அமைப்பே வேறு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருக்கிறது. அந்தத் தடை என்றும் நீடிக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் ஓசை குறைவாக ஓடுவது, பாரம் சுமப்பது, கல்லிலும் மணலிலும் பிடிமானம் இழக்காமல் ஏறுவது ஆகிய அதே குணங்கள்தாம், பெங்களூருவிலிருந்து விடியற்காலையில் ஹெசரகட்டாப் பக்கம் பறவை பார்க்கப் புறப்படுபவருக்கும், சாவன்துர்கா அடிவாரத்தில் கேமராவும் முக்காலியும் சுமந்து அலைபவருக்கும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாங்கிய நிலத்துக்கு மண்பாதையில் போய்வருபவருக்கும் தேவைப்படுகின்றன. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

முதலில் சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்வோம். மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் பெற்றிருந்தால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. இணையத்தில் பார்த்து மயங்கி 750 வாட் வண்டியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர், அதைப் பதிவுசெய்யாமல் கனகபுரா சாலையில் ஓட்டினால் சட்டத்தை மீறியவராகிறார். விபத்து நேர்ந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். ஆகவே, வாட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இருக்கும் 250 வாட்டைச் சக்கரத்துக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதில் கவனத்தைச் செலுத்துவதே அறிவுடைமை.

இதற்கு ஒரு சிறிய கணக்குப் போட்டால் போதும். ஓட்டுநர் 70 கிலோ, வண்டி 25 கிலோ, பையும் தண்ணீரும் 10 கிலோ என்று மொத்தம் 105 கிலோ இருப்பதாகக் கொள்வோம். பத்து அடி முன்னே சென்றால் ஓர் அடி உயரும் சரிவில், அதாவது 10 சதவீத ஏற்றத்தில், இந்தப் பாரத்தை மேலே தள்ள ஏறத்தாழ 103 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், அச்சில் 36 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, தேவைப்படும். ஏற்றம் 20 சதவீதமானால் அது 70ஐத் தாண்டிவிடும். சரளைக் கல்லின் இழுப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் அமைந்திருக்கும். இதை ஹப் மோட்டார் என்கிறோம். இதன் முறுக்குவிசை பொதுவாக 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். அதாவது 10 சதவீத ஏற்றம் வரை அது தானாகவே சமாளிக்கும். அதற்கு மேல் கால்தான் துணைக்கு வர வேண்டும். ஹப் மோட்டாருக்கும் கியருக்கும் தொடர்பே கிடையாது என்பதால், நீங்கள் எந்தக் கியரில் மிதித்தாலும் மோட்டாரின் நிலைமை மாறாது. நடை வேகத்தில் நீண்ட ஏற்றம் ஏறும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிக் கம்பிச்சுருளைச் சுடச் செய்யும். உள்ளே நைலான் பற்சக்கரம் இருந்தால் அதுவும் தேயும்.

மிதிகட்டை அச்சில் அமைந்த மோட்டார், அதாவது மிட் டிரைவ், வேறு வகையானது. அதன் விசை சங்கிலி வழியாகவே செல்வதால், கியரைக் குறைத்தால் மோட்டாரின் விசையும் பெருகும். பாஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோவின் இபி8 ஆகியவை 85 நியூட்டன் மீட்டர் விசை தருபவை. முன்பல்சக்கரத்தில் 34 பற்களும் பின்னால் 51 பற்களும் இருந்தால் அந்த 85, பின்சக்கரத்தில் 127 ஆகிவிடும். 20 சதவீதக் கல்மேடு அதற்குப் பெரிய சவாலே அல்ல. விலை பல மடங்கு என்பதும், சங்கிலியும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும் என்பதும் இதன் குறைகள். மலைப்பாதையில் வாரந்தோறும் ஏறுபவருக்கு மட்டுமே அந்தச் செலவைப் பரிந்துரைப்பேன். ஏரிக்கரை, தோப்பு, மண்சாலை என்று சுற்றுபவருக்கு நல்ல ஹப் மோட்டார் வண்டி போதும். ஆனால் அவர் கியரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்னால் 42 பற்கள், பின்னால் பெரியது 28 பற்கள் என்று இருந்தால், மோட்டார் திணறும் இடத்தில் காலும் சேர்ந்து திணறும். பின்பல்சக்கரத்தின் பெரிய வட்டில் 40 பற்களுக்கு மேல் உள்ளதையோ, முன்பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றிக்கொள்ள வழியுள்ளதையோ தேர்ந்தெடுங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டர் எண்ணை நம்ப வேண்டாம். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கி வாட் மணியை நீங்களே கண்டுகொள்ளுங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் 360 வாட் மணி. இது எவ்வளவு தூரம் போதும்? 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைக்கு அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் ஏற வேண்டும். மேற்சொன்ன 105 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க 143 வாட் மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 190 வாட் மணி செலவாகும். மிதிப்பில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அதுவும் பாதியாகும். சமதளத் தார்ச்சாலையில் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட் மணி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், மணலும் கல்லுமான பாதையில் அதை இரட்டிப்பாகக் கொள்வது பாதுகாப்பானது. வீட்டிலிருந்தே ஓட்டிச் சென்று காட்டோரம் சுற்றித் திரும்ப நினைப்பவர் 500 வாட் மணிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். காரின் பின்னால் கட்டிச் சென்று அங்கே இறக்கி ஓட்டுபவருக்கு 360 போதும். திரையில் கோடுகளை மட்டும் காட்டும் வண்டியைவிட வோல்ட்டைக் காட்டும் வண்டி மேலானது. 36 வோல்ட் பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்கும்போது 42 வோல்ட் காட்டும்; வண்டி நின்றிருக்கும்போது அந்த எண் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே மீதியுள்ள ஆற்றலை ஓரளவு நம்பகமாகச் சொல்லும். லடாக்குக்கு விமானத்தில் கொண்டுபோகலாம் என்று எண்ணியிருப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும்; 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணியர் விமானத்தில் எடுத்துச்செல்ல முடியாது.

மிதிப்பை உணரும் சென்சார் இருவகைப்படும். கால் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்ப்பது ஒன்று; எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளப்பது மற்றொன்று. முதல் வகையில் மோட்டார் சற்றுத் தாமதித்துத் திடீரென்று தள்ளும். ஈரமான கருங்கல் பாறையின் மேல் அந்தத் திடீர் உந்துதலில் பின்சக்கரம் வழுக்கிவிடும். கரடான பாதைக்கு இரண்டாம் வகையே தகும். இந்த ஒன்றில் மட்டும் விலைக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டயர் விஷயத்தில் நான்கு அங்குலத்துக்கு ஆசைப்படுவோர் அதிகம். ஆற்று மணலிலும் சேற்றிலும் அது சிறப்பாகச் செல்லும் என்பது உண்மையே. ஆனால் பெங்களூருவைச் சுற்றியுள்ள இறுகிய செம்மண்ணிலும் கல்லிலும் அந்த அகலம் பேட்டரியைத் தின்பதைத் தவிரப் பெரிய பயன் தருவதில்லை, 2.4 அங்குல அளவே நிறைவாக இருக்கும். காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து ஓட்டினால் பிடிமானம் கூடும். நம் பக்கத்தின் உண்மையான எதிரி முள். சீமைக் கருவேல முள் எந்தத் தடித்த டயரையும் துளைக்கும். ஹப் மோட்டார் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மோட்டார் கம்பியைப் பிரித்து, பெரிய நட்டுகளைத் தளர்த்தியாக வேண்டும். வெயிலில், காட்டோரத்தில் அது எளிய வேலையன்று. எனவே சீலன்ட் (துளையை அடைக்கும் திரவம்) ஊற்றிய டியூப்லெஸ் டயருக்கு ஏற்ற ரிம் உள்ளதா என்றும், மோட்டார் கம்பியின் இணைப்பி சக்கரத்துக்கு அருகில் எளிதில் பிரிக்கும்படி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருக்க வேண்டும். வட்டு 180 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. முன்பக்க சஸ்பென்ஷன் 100 முதல் 120 மில்லிமீட்டர் போதும். பின்பக்க சஸ்பென்ஷன் எடையையும் பராமரிப்பையும் கூட்டுவதோடு கேரியர் பொருத்தவும் இடைஞ்சலாகும். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஓட்டுவதென்றால் மோட்டாருக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் தூசியும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி 65 தரமாவது இருக்கட்டும்; இருந்தாலும் அழுத்தத் தண்ணீரால் கழுவக் கூடாது.

எடையைப் பற்றிப் பலர் வாங்கிய பிறகே யோசிக்கிறார்கள். பேட்டரி தீர்ந்த நிலையில் ஐந்து கிலோமீட்டர் மிதித்தோ தள்ளியோ திரும்ப முடியாத வண்டியைக் காட்டோரம் கொண்டுபோவது ஆபத்து. 25 கிலோவைத் தாண்டினால் மிகவும் யோசிக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தில் குடியிருப்பவர், பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்துச்செல்லும் வசதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சார்ஜ் போடும்போது அதை வாசலை மறிக்கும் இடத்திலோ மாடிப்படியின் கீழோ வைக்க வேண்டாம். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழி அதுதான்.

ஓசையின்மை ஒரு வரம் என்றாலும் யானைப் பகுதியில் அதுவே தீங்காகலாம். பன்னேர்கட்டாவிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை வரை யானைகள் நடமாடும் நிலம். மிதிவண்டியின் வருகையை யானை உணராதிருந்து, வளைவில் நேருக்குநேர் எதிர்ப்பட்டால் அது மிரண்டு தாக்கும். அப்பகுதியில் விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பிறகும் ஓட்டாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையாதீர்கள். ஹெசரகட்டாப் புல்வெளியில் தரையில் கூடு கட்டும் பறவைகள் இருப்பதால், இருக்கும் தடத்தை விட்டு விலகி ஓட்டுவது முட்டைகளை நசுக்குவதாக முடியும்.

கடைசியாக, சோதனை ஓட்டம். கடை முன்னுள்ள சாலையில் ஒரு சுற்று வருவதால் எதுவும் தெரியாது. அடுக்ககங்களின் அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவு பெரும்பாலும் பத்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். வண்டிகள் வராத நேரத்தில் காவலாளியிடம் சொல்லிவிட்டு அங்கே சோதியுங்கள். நீங்கள் வழக்கமாகச் சுமக்கும் பையை மாட்டிக்கொண்டு, சரிவின் நடுவில் முழுதாக நின்று, குறைந்த கியரில் மீண்டும் புறப்படுங்கள். தயங்காமல் கிளம்புகிறதா, முன்சக்கரம் தூக்குகிறதா, சில முறை ஏறி இறங்கிய பின் மோட்டார் உறை கை வைக்க முடியாதபடி சுடுகிறதா என்று பாருங்கள். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு அதே சரிவில் தள்ளிப் பாருங்கள். இத்தனையும் திருப்தியாக இருந்தால் விலை பேசலாம். பில்லில் பேட்டரியின் வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். கன்ட்ரோலர், டிஸ்ப்ளே, டிரெய்லியர் ஹேங்கர் (பின்கியர் மாற்றியைத் தாங்கும் உலோகத் துண்டு) ஆகிய உதிரிகள் பெங்களூருவிலேயே கிடைக்கும் என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.