இரண்டு ரயிலுக்கு நடுவில்: ஊருக்குப் போகும் வழியில் ஸ்டேஷனில் காத்திருக்க

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்குக் கிளம்பும்போது நாம் ரொம்ப யோசித்துப் போடுவது விமான டிக்கெட். கொஞ்சம் யோசிப்பது ரயில் டிக்கெட். யோசிக்கவே யோசிக்காதது, ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டி ஏறுகிற வரைக்கும் ஏதோ ஒரு ஜங்ஷனில் உட்கார்ந்திருக்கப் போகிற அந்த நாலு மணி நேரம். பெட்டிகள், தூக்கம் கலையாத பிள்ளைகள், முட்டி வலியோடு அம்மா என்று எல்லாரும் ஓய்ந்து போவது அந்த இடத்தில்தான். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் படுத்துக் கிடப்பதற்கு, பாதிக் காரணம் அந்தக் காத்திருப்பைச் சரியாகக் கழிக்காததுதான். அதனால் அதையும் பயணத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

முதலில் இடைவெளி எவ்வளவு விடுவது என்று முடிவு செய்யுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும் என்று நேர அட்டவணையைப் பார்த்தால் தோன்றும். போதாது. மாநிலத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டி என்றால் மூன்று மணி நேரமும், வடக்கேயிருந்து ஒன்றரை நாள் ஓடி வருகிற வண்டி என்றால் ஐந்து மணி நேரமும் விடுவது என் வழக்கம். கூடுதலாக உட்கார்ந்திருப்பதில் சலிப்பு மட்டும்தான். அடுத்த வண்டியைத் தவறவிட்டால், சீசனில் மறுபடி படுக்கை கிடைக்காது. சாதாரண முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே போட்டுவிட்டவர்கள் அந்த 60ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சில வண்டிகளில் தனி ஒதுக்கீடு உண்டு. அதில் 365 நாள் முன்பே பதிவு செய்யலாம்.

பலருக்கும் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் தொடர் பயணமாக இணைத்துப் பதிவு செய்யலாம். அப்படி இணைத்திருந்து, முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால், அந்த இரண்டாவது டிக்கெட்டின் பணத்தை ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திருப்பித் தருவார்கள். முதல் வண்டி உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் பெயர்களில்தான் சிக்கல் வரும். ஒரு டிக்கெட்டில் அப்பா பெயரோடு, இன்னொன்றில் இனிஷியலோடு என்று போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ, இரண்டிலும் அப்படியே போடுங்கள். பரிசோதகர் கேட்டால் காட்டப் போவதும் அந்தப் பாஸ்போர்ட்டைத்தான்.

அப்புறம் நள்ளிரவு. தெற்கே போகிற வண்டிகள் பலவும் திருச்சி, திண்டுக்கல், மதுரை பக்கம் நடுராத்திரிக்கு மேல்தான் கடக்கும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று பொருள். என் சொந்தக்கார அண்ணன் ஒருவர் குடும்பத்தோடு 15ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்றார். வண்டி முந்தின ராத்திரியே போயிருந்தது. மறுநாள் காலையில் தங்கச்சி மகள் கல்யாணம். வாடகைக் கார் பிடித்துத் தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஆனால் அண்ணியின் முகத்தில் அன்றைக்கு முழுக்கச் சிரிப்பில்லை. பன்னிரண்டு மணிக்கும் விடிகாலைக்கும் இடையில் ஏறுவதாக இருந்தால், டிக்கெட்டின் மேலேயே பேனாவால் 'இன்ன கிழமை ராத்திரி' என்று எழுதிவிடுங்கள்.

சென்னையில் மாறுகிறவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு ஸ்டேஷன் இல்லை. கோவை, சேலம், ஈரோடு பக்கமும் வட மாநிலங்களுக்கும் போகிற வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலில். திருச்சி, மதுரை, நெல்லை, கன்னியாகுமரி பக்கம் என்றால் எழும்பூர். சில வண்டிகள் தாம்பரத்தில் கிளம்பும். அந்தக் காலத்தில் சென்ட்ரலைக் கட்டியது ஒரு கம்பெனி, 1873இல். எழும்பூரைக் கட்டியது தென்னிந்திய ரயில்வே என்ற வேறு கம்பெனி, 1908இல். தண்டவாளத்தின் அகலமே இரண்டுக்கும் வேறாக இருந்தது. அந்தப் பிரிவினை இன்னும் நம் பயணத்தில் மிச்சமிருக்கிறது. எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளின் புறப்படும் இடம் அவ்வப்போது மாறுகிறது. கிளம்புகிற அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் நீல வழித்தடத்தில் சென்ட்ரல் வரை வந்து, அங்கே பச்சைக்கு மாறுங்கள். ஆலந்தூரில் மாறினால் கோயம்பேடு சுற்றிக்கொண்டு வரும். பெட்டி நாலைந்து இருந்தால் மெட்ரோவே வேண்டாம், டாக்சிதான் சரி. தெற்கே போகிறவர்கள் ஊருக்குள்ளேயே நுழையாமலும் தப்பிக்கலாம்: எழும்பூரில் கிளம்பும் தென்மாவட்ட வண்டிகள் பல தாம்பரத்தில் நிற்கும், விமான நிலையத்திலிருந்து தாம்பரம் பக்கம். டிக்கெட் போடும்போதே ஏறுமிடத்தைத் தாம்பரம் என்று கொடுத்துவிட வேண்டும்.

சரி, ஸ்டேஷனுக்கு வந்தாயிற்று. எங்கே உட்காருவது? அதை முடிவு செய்வது உங்கள் டிக்கெட். ஏசி வகுப்பு டிக்கெட்டுக்கு உயர்வகுப்புக் காத்திருப்பு அறை. ஸ்லீப்பருக்கும் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கும் பொது வெயிட்டிங் ஹால். பெரிய ஸ்டேஷன்களில் பெண்களுக்குத் தனி அறையும் இருக்கும். பெண்கள் பிள்ளைகளோடு தனியாக வரும்போது நான் அதைத்தான் சொல்வேன். உயர்வகுப்பு அறையின் வாசலில் பெரும்பாலும் ஓர் அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் கோடு போட்ட நீளமான நோட்டு, அதோடு நூலில் கட்டிய பேனா. டிக்கெட்டைக் காட்டினால் அதில் இருக்கும் பதிவு எண்ணை, அதாவது பி.என்.ஆர். எண்ணை, எழுதிக்கொண்டு உள்ளே விடுவார். டிக்கெட் போனில் இருந்து, போனில் சார்ஜ் இல்லாமல் போனால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் ஒரு தாளில் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். அவரிடம் "அம்மா, இன்ன வண்டிக்குப் போகணும், வந்தா ஒரு குரல் குடுங்க" என்று சொல்லிவையுங்கள். நான் சொன்ன இடத்திலெல்லாம் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

காசு கொடுத்து உட்காரும் ஏசி லவுஞ்சுகளும் இப்போது வந்திருக்கின்றன. சென்னை சென்ட்ரல், மதுரை போன்ற இடங்களில் மணிக்கணக்கில் கட்டணம். எந்த வகுப்பு டிக்கெட் என்று பார்க்காமல் காசுக்கு இடம் கிடைக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அது நல்லது. நாற்காலி மெத்தென்று இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால், குடும்பமாக வருகிறவர்கள் லவுஞ்சில் தலைக்கு இவ்வளவு என்று கட்டுவதற்குப் பதில் ஓய்வறை எடுங்கள். ரிட்டயரிங் ரூம் என்பார்கள். கட்டில் உண்டு, கதவைச் சாத்திக்கொள்ளலாம். உறுதியான டிக்கெட்டோ, உட்கார இடம் மட்டும் உறுதியான ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்திலேயே பதிவு செய்யலாம், அதிகபட்சம் 48 மணி நேரம் வரை. தனி ஆளுக்கு டார்மெட்டரியில் ஒரு கட்டில் மட்டும் எடுக்க முடியும். அறைகள் எண்ணிக்கையில் குறைவு, விடுமுறையில் வேகமாகத் தீர்ந்துவிடும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், ரயில் டிக்கெட் உறுதியான அன்றே போட்டுவிடுங்கள். அம்மாவை நான் கடைசியாக அழைத்துப் போனபோது நாலு மணி நேரம் கால் நீட்டிப் படுத்திருந்தது, ஊரில் அவர் அடுத்த நாளே கோயிலுக்கு நடந்து போகக் காரணமாயிற்று.

பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டே முழு நேரமும் உட்கார வேண்டாம். க்ளோக் ரூமில் போட்டுவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம். டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பூட்டு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வாங்கமாட்டார்கள். ஜிப் வைத்த தோள்பைக்கும் ஒரு சின்னப் பூட்டு வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிய சாக்லேட் மூட்டையை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட், நகை, மருந்து மூன்றையும் உள்ளே வைக்காதீர்கள். அவை உடம்போடு இருக்க வேண்டும்.

சார்ஜர் விஷயம் சின்னதுதான், ஆனால் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது அதில். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, வளைகுடா நாடுகளில் இருக்கும் மூன்று தட்டைக் கால் பிளக், வெயிட்டிங் ஹால் சுவரில் இருக்கும் உருண்டைத் துளையில் போகாது. உருண்டைக் கால் அடாப்டர் ஒன்றைக் கைப்பையிலேயே வையுங்கள், பெரிய பெட்டியின் அடியில் வேண்டாம். இலவச வைஃபை ஸ்டேஷனில் உண்டு, தினமும் முதல் அரை மணி நேரத்துக்கு. ஆனால் அதற்கான ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். உள்ளூர் சிம் இல்லாதவர்கள் வண்டியின் நிலவரத்தை அறிய விசாரணை ஜன்னலில் கேட்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவரிடம் "இந்த வண்டி எங்கே வருதுன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றால் உடனே போனை எடுத்துப் பார்த்துச் சொல்வார். அந்தப் பேச்சு அப்படியே உங்கள் ஊர், உங்கள் வேலை, பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா என்று போகும். அதற்கு மனம் திறந்து பதில் சொல்லுங்கள். பிள்ளைகளையும் பேச விடுங்கள். ஆனால் பழக்கமில்லாதவர்கள் கொடுக்கிற தின்பண்டத்தையும் குளிர்பானத்தையும் மட்டும் வாங்க வேண்டாம். "இப்பத்தாங்க சாப்பிட்டோம்" என்று சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

குளிப்பதற்கென்றே சிலர் அதிகாலையில் வெயிட்டிங் ஹாலுக்கு வருவார்கள், கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ நேராகப் போகிறவர்கள். நீங்களும் செய்யலாம். ஒரு துண்டு, ரப்பர் செருப்பு, சின்ன சோப்பு, மாற்றுத் துணி ஆகியவற்றைத் தனிப்பையில் வையுங்கள். கதவில் கொக்கி இல்லாமல் போகலாம், தரை ஈரமாக இருக்கும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி நீளவார் உள்ள பையாக இருப்பது நல்லது. கட்டணக் கழிப்பறைக்கு 5, 10 ரூபாய்ச் சில்லறை வேண்டும்; விமான நிலையத்தில் பணம் மாற்றும்போதே சின்ன நோட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

ராத்திரிக் காத்திருப்பில் தூங்க வேண்டியிருந்தால் ஒருவர் விழித்திருங்கள். தனியாக இருந்தால், பெட்டியைச் சங்கிலியால் நாற்காலிக் காலோடு பூட்டிவிட்டு அலாரம் வையுங்கள். திருச்சியில் ஒரு பெரியவர் இதைச் செய்ததைப் பார்த்தேன்: சங்கிலியை இரண்டு பெட்டியின் கைப்பிடி வழியாகவும் கோத்து, பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டுக்குள் செருகி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் குறட்டை. அந்தச் சங்கிலி ஸ்டேஷன் வாசல் கடைகளிலேயே கிடைக்கும். வண்டிக்குள்ளும் அது உதவும். கொசுவுக்கு ஒரு களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு.

வண்டி நேரத்துக்கு அரை மணி முன்னால் எழுந்துவிடுங்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு வண்டி எண்ணைக் கேளுங்கள், பிளாட்பாரம் கடைசி நேரத்தில் மாறக்கூடும். வண்டி நீளமானது, நடுத்தர ஜங்ஷனில் சில நிமிடம்தான் நிற்கும். நீங்கள் ஏற வேண்டிய ரயில் பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தின் மேலே மின்பலகையில் எண் வரும், அதன் கீழே போய் நின்றுகொள்ளுங்கள். படியேற முடியாத பெரியவர்கள் இருந்தால் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று முன்பே பார்த்து வையுங்கள், சக்கர நாற்காலி தேவையென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்தில் கேளுங்கள். போர்ட்டரிடம் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்பே கூலி பேசிவிடுங்கள். வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்து, அதில் போக வேண்டாம் என்று முடிவு செய்தால், அது கிளம்புவதற்குள் விண்ணப்பித்தால் முழுப் பணமும் திரும்பும்.

ஊரில் காத்திருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவோ மாமாவோ அட்டவணை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பிளாட்பாரத்தில் நிற்பார்கள். பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், அதுவும் 2 மணி நேரத்துக்குத்தான் செல்லும். வண்டி ஏறியதும் ஒரு போன், இறங்குகிற ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது இன்னொரு போன். "இப்ப கிளம்புங்க மாமா, சரியா இருக்கும்" என்று சொல்லுங்கள்.