சூதாட்டப் பழக்கத்துக்கு உதவி தேடுவது எப்படி: கூடலூர், பந்தலூர் குடும்பங்களுக்கு

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது என்றாலும், கேரள எல்லையை ஒட்டிய நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் சீட்டு வாங்கும் பழக்கம் முற்றிலும் நின்றதில்லை. எல்லைக்கு அப்பால் 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. அதன் முடிவில் வரும் எண்களை வைத்து, சட்டத்துக்குப் புறம்பாக மூன்று நம்பர் லாட்டரி இப்பக்கம் ஓடுகிறது. கைப்பேசி ரம்மியும் கிரிக்கெட் பந்தயமும் பின்னால் வந்து சேர்ந்தவை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, ரம்மி உட்பட, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தபோதிலும், வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளின் இணைப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

பழக்கம் நோயாகியிருக்கக்கூடுமா என்று முதலில் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். முன்பைவிட அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்ற உந்துதல் வந்ததுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பது பற்றி வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் பேசுவது நல்லது. ‘விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்’ என்ற பேச்சு வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டால் இந்தக் கேள்விகள்கூடத் தேவையில்லை. நடுக்குவாத (பார்க்கின்சன்) நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் முதியவர் திடீரென்று சூதில் இறங்கினால், அம்மருந்துகளில் சில இந்த உந்துதலைத் தூண்டக்கூடியவை என்பதால், மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

முதல் வேலை பணம் போகும் வழியை அடைப்பது. மன உறுதி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதைத் தவறு என்றே சொல்வேன். கையில் பணமும் கைப்பேசியில் யுபிஐயும் இருக்கும்வரை மன உறுதி சம்பள நாள் மாலை வரைதான் தாங்கும். தோட்டக் கூலியோ பச்சைத் தேயிலைக்கான பணமோ வந்து விழும் வங்கிக் கணக்கில் யுபிஐயை நிறுத்திவைக்கும்படி கிளையில் எழுதிக் கொடுக்கலாம். ஏடிஎம் அட்டையின் இணையப் பயன்பாட்டை முடக்கலாம். செலவுக்கு வேண்டியதை மட்டும் வீட்டில் ஒருவர் ரொக்கமாகக் கொடுக்கலாம். இவை எல்லாம் சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு நடக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் செய்தால், அவரும் உங்களுக்குத் தெரியாமல் வேறு கணக்குத் தொடங்குவார்.

அடுத்தது கடன். நகைக்கடன், மகளிர் குழுக் கடன், செயலிக் கடன், கடையில் வாங்கிய கைமாற்று என எல்லாவற்றையும், தொகையும் வட்டியும் உட்பட, ஒரே தாளில் எழுத வையுங்கள். முதல் முறை எழுதும்போது ஒன்றிரண்டு மறைக்கப்படும்; கோபப்படாமல் ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். இவ்விடத்தில் குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் பெரும்பிழை, மானம் போய்விடுமே என்று இருக்கும் நகையை விற்று எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடுவது. அடைத்த இடத்தில் மறுபடியும் கடன் கிடைக்கும் என்பதால், அது ஆட்டத்துக்குப் புது முதலாகவே முடிகிறது. கடனை அவருடைய வருமானத்திலிருந்து சிறுகச் சிறுக, குடும்பத்தார் கையாலேயே நேரடியாகக் கட்டுவது நல்லது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னரோ இரவு 7 மணிக்குப் பின்னரோ தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ்ப் புகார் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அது இலவசம். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர், இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்குத் தெரிவியுங்கள்.

மனநல மருத்துவரிடம் போகத் தயங்குவதற்குச் சிற்றூர்களில் வலுவான காரணம் உண்டு: மருத்துவமனை வரிசையில் நிற்பவரைப் பக்கத்து லயத்துக்காரர் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பார்த்துவிட்டால் மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியை, முதற்படியாகச் சொல்கிறேன். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிறகு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையோ ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். நோயாளி சொல்வதை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்த கடமை. உந்துதல் எப்போது, எதனால் எழுகிறது என்று கண்டறிந்து அதைக் கடக்கப் பழக்கும் உளவியல் ஆலோசனையே முதன்மையான சிகிச்சை. கூடவே மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் மருத்துவம் தேவைப்படும். உயிரை விட்டுவிடுவேன் என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டல் என்று எண்ணித் தனியே விடாதீர்கள். 14416 அல்லது 108ஐ உடனே அழையுங்கள்.

பழக்கம் முற்றாதவர், எல்லை தாண்டும்போது சட்டப்படி விற்கும் சீட்டை எப்போதாவது வாங்குபவராயின், தொகையை வீட்டிலேயே முடிவு செய்து கொண்டு, கடன் பணத்தைத் தொடாமல் இருப்பது போதும். 50 ரூபாய்ச் சீட்டு நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 18,250 ரூபாய் என்ற கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். நோய் நிலைக்குப் போனவருக்கு இந்த அளவு வைத்தல் உதவாது. அவர் முழுவதும் நிறுத்தத்தான் வேண்டும்.

நிறுத்திய பின்னும் ஒருநாள் தவறலாம். அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளங்களில் சிக்னல் கிடைக்காத வீடுகள் நம் பகுதியில் நிறைய உண்டு. இந்த உதவி எண்களைச் சுவரில் எழுதி ஒட்டி, எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் இன்றே பார்த்து வையுங்கள்.