மிளகு பறிக்க ஏணி போடுவது எப்படி? ஏற்காட்டுத் தோட்டங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காபிப் பழம் எடுத்து முடிந்த கையோடு ஏற்காட்டில் மிளகுப் பறிப்பு தொடங்கிவிடும். சில்வர் ஓக் மரத்தில் 30 அடி வரைக்கும் கொடி ஏறியிருக்கும். கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தாலே பறித்தாக வேண்டும், விட்டால் உதிர்ந்துவிடும். அதனால் எல்லோருக்கும் அவசரம். இந்த அவசரத்தில் முதல் முறை ஏணி ஏறப் போகிறவர்களுக்கும், அவர்களை வேலைக்குக் கூப்பிடும் சின்னத் தோட்டக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்னால் எங்கள் தோட்டத்தில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தார். இருபது வருடமாக மிளகு பறிப்பவர். 12 அடி உயரம்தான். மரத்தின் பின்பக்கம் நாலைந்து கொத்து மிச்சம் இருந்தது. கீழே நின்ற நான்தான், "அண்ணே, அதையும் எட்டிப் பறிச்சிருங்க, அதுக்காக ஏணியை நகர்த்த வேண்டாம்" என்றேன். அவர் ஒரு காலை ஏணியில் வைத்துக்கொண்டு, இன்னொரு காலை மரத்தில் ஊன்றி எட்டினார். ஏணி அப்படியே சுழன்றது. நின்ற வாக்கில் கீழே வந்ததால் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருடைய வலது கை மூடியே இருந்தது. விரலைப் பிரித்தால் உள்ளே இரண்டு கொத்து மிளகு.

நல்ல ஏணி, கைதேர்ந்த ஆள். நான் சொன்ன ஒரு பேச்சுதான் அவரை விழ வைத்தது. அதனால் கீழே சொல்வதில் பாதி, ஏணிக்கு அடியில் நிற்பவருக்கானது.

1. காலையில் ஏணியைத் தட்டிப் பாருங்கள்

எங்கள் பக்கம் இன்னும் மூங்கில் ஏணிதான் அதிகம். போன வருட ஏணியை மூலையிலிருந்து எடுத்து அப்படியே மரத்தில் சாய்க்காதீர்கள். தரையில் கிடத்தி, ஒவ்வொரு கணுவுக்கும் இடையில் ஒரு குச்சியால் தட்டுங்கள். நல்ல மூங்கில் கணீரென்று கேட்கும். உளுத்த மூங்கில் பொத்தென்று கேட்கும், தட்டின இடத்திலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டும். தூள் கொட்டினால் அந்த ஏணி விறகுக்குத்தான். கம்பி சுற்றி ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கால் வைக்கும் படி ஒவ்வொன்றையும் கையால் முறுக்கிப் பாருங்கள். ஆடினால் அன்றைக்கு அந்த ஏணி வேண்டாம்.

2. ஏணியை நிமிர்த்தும் முன் மேலே பாருங்கள்

இதைத் தவறவிட்டால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தோட்டத்து வீடுகளுக்கும் மோட்டாருக்கும் போகிற மின்கம்பி மரங்களுக்கு நடுவேதான் ஓடுகிறது. இலை மறைத்துக்கொண்டிருக்கும். இப்போது எடை குறைவு என்று அலுமினிய ஏணி வாங்குகிறார்கள். அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பனியில் நனைந்த மூங்கிலும் கடத்தும். 11,000 வோல்ட் லைன் என்றால் ஏணி தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும்.

நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: ஏணி எந்தப் பக்கம் சரிந்து விழுந்தாலும் கம்பிக்குக் கிட்டே வரக் கூடாது. வருமென்றால் அந்த மரத்து மிளகு மரத்திலேயே இருக்கட்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அதில் சொல்லி, லைனை நிறுத்தின பிறகு பறித்துக்கொள்ளலாம். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஏணியை நிமிர்த்தியபடியே தூக்கிப் போகும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. தயவுசெய்து படுக்க வைத்து, இரண்டு பேராகத் தூக்குங்கள். யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் அவரையும் தொடாதீர்கள், ஏணியையும் தொடாதீர்கள். முதலில் மின்சாரம் நிற்க வேண்டும்.

3. சரிவில் கல் வைக்காதீர்கள், குழி தோண்டுங்கள்

ஏற்காட்டில் சமதளம் எங்கே இருக்கிறது? இரண்டு கால் ஏணியென்றால் ஒரு கால் எப்போதும் மேட்டில் இருக்கும். பள்ளத்துக் காலுக்கு அடியில் கல் வைத்துச் சமப்படுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஆள் ஏறி ஆடும்போது கல் நழுவும். அதற்குப் பதிலாக மேட்டுக் காலுக்கு மண்ணில் குழி தோண்டி இறக்குங்கள். ஐந்து நிமிட வேலை. ஒற்றை மூங்கில் ஏணியென்றால் அடியை ஒரு சாண் ஆழமாவது புதைக்க வேண்டும்.

சாய்மானத்துக்கு ஒரு கணக்கு உண்டு: 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளியே. 20 அடியில் ஏணி மரத்தைத் தொட்டால், அடி மரத்திலிருந்து 5 அடி தள்ளி இருக்க வேண்டும்.

4. ஏறுவதற்கு முன்பே கட்டுங்கள்

மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்பார்கள். கட்டப் போகிற அந்த நேரத்தில்தான் ஏணி உருளும். தரையிலிருந்தே கட்ட ஒரு வழி இருக்கிறது. ஏணியை நிமிர்த்தும் முன், நீளமான நைலான் கயிற்றின் நடுப்பகுதியை மேல் படியில் முடிந்துவிடுங்கள். இரண்டு முனையும் கீழே தொங்கட்டும். ஏணியைச் சாய்த்த பிறகு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மரத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றி வாருங்கள். பின்பக்கம் கயிறு ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக விழும். இன்னொரு சுற்று வந்து, இழுத்து, மரத்தின் அடியில் முடிச்சுப் போடுங்கள். கொடி கொஞ்சம் நசுங்கும். நசுங்கட்டும்.

5. உடம்பில் என்ன இருக்க வேண்டும்

ரப்பர் செருப்பைக் கழற்றிவிடுங்கள், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட் வேண்டும், ஐ.எஸ். 2925 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். பைக் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்க முடியாது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழும்போது வயிற்றையும் விலாவையும் நொறுக்கும். தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் சரி, அதற்கு ஐ.எஸ். 3521. அதன் கொக்கியை மரத்தண்டைச் சுற்றித் தனியாகக் கட்டின கயிற்றில் மாட்டுங்கள், சில்வர் ஓக் கிளையில் வேண்டாம். அந்தக் கிளை பார்க்கப் பருமனாக இருக்கும், சட்டென்று முறியும். பெல்ட்டில் ஒருவர் தொங்கிவிட்டால் சில நிமிடங்களுக்குள் இறக்கிவிட வேண்டும். தொங்கியபடியே இருப்பதும் உயிருக்கு ஆபத்து.

ஏறும் முன் கொடிக்குள் ஒரு நீளக் குச்சியை விட்டு அசைத்துப் பாருங்கள். எறும்புக் கூடு, குளவிக் கூடு, பச்சைப் பாம்பு எதுவும் இருக்கலாம்.

6. இடுப்புக் கணக்கு

ஏறும்போது இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். பறிக்கும்போது உங்கள் இடுப்பு ஏணியை விட்டு வெளியே போகக் கூடாது. கை நீட்டியும் எட்டாவிட்டால் இறங்கி, ஏணியை நகர்த்தி, திரும்பக் கட்டுங்கள். கால் மணி நேரம் ஆகும்தான்.

இங்கேதான் கீழே நிற்பவர் வருகிறார். அவர் வேலை அடியைப் பிடிப்பது, மேலே இருப்பவரின் இடுப்பைப் பார்ப்பது, போனை எடுக்காமல் இருப்பது. "அதையும் எட்டிப் பறி" என்ற வார்த்தை அவர் வாயில் வரவே கூடாது. தோட்டக்காரர்களுக்கும் ஒன்று: ஏணி ஏறுபவருக்குக் கிலோ கணக்கில் கூலி பேசாதீர்கள். கிலோவுக்குக் காசு என்றால் யார்தான் இறங்கி ஏணியை நகர்த்துவார்கள்? நாங்கள் இப்போது நாள் கூலிதான் கொடுக்கிறோம். அன்றைக்கு விழுந்த அண்ணன்தான் எங்களுக்கு ஏணி பிடிக்கிறார். யாராவது எட்டினால், "இறங்குப்பா, அது எங்கயும் போகாது" என்பார்.

7. விழுந்துவிட்டால்

கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் தூக்குகிற விதத்திலேயே கால் செயலிழந்து போகலாம். தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் சரிவில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. எங்கே கிடைக்கும் என்று வேலை தொடங்கும் முன்பே பார்த்து வையுங்கள். ஆம்புலன்ஸ் வர வழியே இல்லை என்றால், ஒரு கதவுப் பலகையில் நேராகப் படுக்க வைத்து, கழுத்தின் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, உடம்பைப் பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பின் பின்சீட்டில் மடக்கிப் படுக்க வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் முதுகு திருகும்.

8. இறங்குவதும் வேலைதான்

பை முழுக்க நிரம்பும் வரை காத்திருக்காதீர்கள். பாதியிலேயே கயிற்றில் கட்டி இறக்குங்கள். வெறும் உடம்போடு, ஏணியைப் பார்த்தபடி இறங்குங்கள். கடைசி இரண்டு படியில் குதிக்க வேண்டாம். மாலையில் பனி இறங்கும் முன் ஏணியைத் துடைத்து, கொட்டகைக்குள் தரையில் படாமல் இரண்டு கட்டையின் மேல் படுக்க வையுங்கள், கரையான் ஏறாது. நாளைக் காலையில் திரும்பவும் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.